வெளிநாட்டில் கால்பந்து மேட்ச்: சேலத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

ஜெர்மனியில் படிக்கிற பிள்ளையையோ வேலை பார்க்கிற தம்பியையோ பார்க்கச் சேலத்திலிருந்து போகிறவர்கள், போன இடத்தில் ஒரு மேட்சும் பார்த்துவிடலாமே என்று கடைசி வாரத்தில்தான் டிக்கெட் தேடுகிறார்கள். எது கிடைக்கிறதோ அதை வாங்கிவிடுகிறார்கள். அது எந்தப் பக்கத்து டிக்கெட் என்று பார்ப்பதே இல்லை. நம் காந்தி ஸ்டேடியத்தில் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து இரண்டு டீமுக்கும் கை தட்டலாம். ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகர மைதானத்தில் அது நடக்காது. எந்த ஸ்டாண்டில், அதாவது எந்தப் பார்வையாளர் பகுதியில் இருக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் சட்டை நிறம், போன் எடுக்கலாமா, குழந்தையைக் கூட்டிப் போகலாமா, உட்கார முடியுமா என்பதெல்லாம் முடிவாகும். ஆகவே மேட்ச், நாள், விசா என்று வரிசையாகப் பார்த்தாலும், இந்தக் கட்டுரையில் அதிக இடம் ஸ்டாண்டுக்குத்தான்.

ஜெர்மனியை உதாரணமாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் நின்று பார்க்கும் பகுதி இன்றும் பெரிய அளவில் இருப்பது அங்கேதான். நிற்கும் இடத்துக்கு டிக்கெட்டும் ஏறத்தாழ 15 முதல் 20 யூரோவுக்குள் முடிந்துவிடும். மற்ற நாடுகளில் எது மாறும் என்று கடைசியில் சொல்லியிருக்கிறது.

எப்போது போவது

ஜெர்மனியின் முதல் டிவிஷன் லீக்கான புண்டஸ்லிகாவில் 18 அணிகள், 34 சுற்றுகள். ஆகஸ்ட் பிற்பகுதியில் தொடங்கி மே மாத நடுவில் முடியும். நம் பள்ளி விடுமுறைகளை இதோடு பொருத்திப் பார்த்தால் ஒரு பொறி தெரியும். அரையாண்டு விடுமுறை, அதாவது கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, அங்கே லீக்குக்கும் விடுமுறை. ஜனவரி இரண்டாம் வாரம் வாக்கில்தான் மறுபடி ஆரம்பிக்கும். ஜூன், ஜூலையில் லீக் ஆட்டமே கிடையாது. காலாண்டு விடுமுறையில் போகலாம். ஆனால் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ தேசிய அணிகளின் ஆட்டங்களுக்காக லீக் நின்றுவிடும் என்பதால் அந்த ஆண்டு அட்டவணையைப் பார்த்துவிட்டே நாள் குறியுங்கள். எல்லாவற்றிலும் நல்லது ஏப்ரல் பின்பாதி முதல் மே நடு வரை. குளிர் குறைந்திருக்கும், பட்டம் யாருக்கு, கீழ் டிவிஷனுக்கு இறங்கப் போவது யார் என்ற சண்டையும் உச்சத்தில் இருக்கும். கடைசிச் சுற்றில் ஒன்பது ஆட்டங்களும் சனிக்கிழமை ஒரே நேரத்தில் நடக்கும்.

அட்டவணை கோடையிலேயே வந்துவிடும். ஆனால் அதில் உறுதியாக இருப்பது எந்த வார இறுதி என்பது மட்டும். வெள்ளி இரவு 8.30-ஆ, சனி மதியம் 3.30-ஆ, சனி மாலை 6.30-ஆ, ஞாயிறா என்பது சில வாரங்களுக்கு முன்புதான் அறிவிக்கப்படும். வியாழக்கிழமை ஐரோப்பியக் கோப்பையில் ஆடும் அணிக்குப் பெரும்பாலும் ஞாயிறுதான் கொடுப்பார்கள், ஓய்வு வேண்டும் என்பதால். அதனால் முதல் விதி: அந்த ஊரில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று இரவும் தங்குகிற மாதிரி, ரத்து செய்யக்கூடிய அறையாகப் போடுங்கள். திரும்பும் விமானம் திங்கள் அல்லது அதற்குப் பிறகு. சனிக்கிழமை மேட்ச் என்று நம்பி ஞாயிறு காலை விமானம் போட்டவர்கள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஊர் திரும்புவது வருடா வருடம் நடக்கிறது.

இன்னொன்று. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும் நாட்கள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. அந்த ஞாயிறுகளில் மேட்ச் இருந்தால் கைக்கடிகாரத்தை நம்பாதீர்கள். போன் தானாக மாற்றிக்கொள்ளும்.

விசாவும் பெங்களூர் வழியும்

ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், தங்குமிட உறுதி ஆகியவை வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், 45 நாள் வரை இழுக்கவும் இடமுண்டு. கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும், அந்த நேர ஒதுக்கீடு கிடைப்பதுதான் கோடையில் பெரும்பாடு. எனவே மூன்று மாதம் முன்பே உட்காருங்கள். மேட்ச் டிக்கெட் விசாவுக்குக் கட்டாயம் இல்லை. டிக்கெட் கிடைத்த பிறகு விசாவுக்குப் போகலாம் என்று காத்திருந்தால் இரண்டும் போய்விடும், ஏனென்றால் டிக்கெட் விற்பனையே பல கிளப்புகளில் மேட்சுக்குச் சில வாரம் முன்புதான் திறக்கும்.

ஐரோப்பிய விமானங்கள் பல பெங்களூரிலிருந்து நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும். சேலம் பஸ் பெங்களூரின் தெற்கு முனையில் நுழைகிறது; விமான நிலையமோ வடக்கே தேவனஹள்ளியில். ஊரைக் கடக்க மட்டும் தனியாக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் அங்கேயே கணக்கு தப்பிவிடும், ஆகவே மதியமே கிளம்பிவிடுவது உத்தமம்.

பெட்டியில் மாம்பழம் வைக்காதீர்கள். மல்கோவா சீசனும் மே மாத மேட்சுகளும் ஒன்றாக வருவதால் ஆசை வரும். ஆனால் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் மாம்பழத்தை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பால், நெய், இறைச்சி சேர்ந்த எதுவும் ஆகாது. எண்ணெயில் பொரித்த தட்டுவடை, முறுக்குக்குத் தடை இல்லை. தட்டுவடை செட்டுக்குக் காரட், பீட்ரூட்டை அங்கேயே துருவிக்கொள்ளலாம்.

வங்கி செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டையும், தட்டிப் பணம் செலுத்தும் வசதியையும் கிளம்பும் முன்பே திறந்துவிடுங்கள். புதிய கார்டுகளில் இவை மூடியே வரும். பல மைதானங்களில் ரொக்கம் வாங்குவதே இல்லை.

டிக்கெட்

டார்ட்மண்டை எடுத்துக்கொள்வோம். மைதானத்தில் 81,365 பேர். அதில் ஏறக்குறைய 55,000 இடம் சீசன் டிக்கெட்காரர்களுடையது. எதிரணி ரசிகர்களுக்குப் பத்து சதவீதம் ஒதுக்க வேண்டும், அது 8,000. மீதி 18,000-ல் கிளப் உறுப்பினர்களுக்கு முன்னுரிமை. பொது விற்பனைக்கு வருவது மிச்சம் மீதிதான். பேயர்ன் முனிக்கிலும் இதே கதை. முதல் தடவை போகிறவர் இந்த இரண்டில்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

பெர்லினில் ஹெர்த்தாவைப் பாருங்கள். 2023-ல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கிய கிளப். மைதானமோ 74,000-க்கு மேல் கொள்ளும் ஒலிம்பிக் ஸ்டேடியம், ஆகவே இரண்டாம் டிவிஷன் ஆட்டங்களுக்கு டிக்கெட் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. கிழக்கு வளைவில் நிற்கும் கூட்டத்தின் சத்தத்தில் டிவிஷன் எது என்று தெரியாது. 1936 ஒலிம்பிக்கில் தியான்சந்தின் இந்திய அணி ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்திய ஹாக்கி மைதானமும் அதே வளாகத்தில்தான். ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால் அதையும் எட்டிப் பார்க்கலாம். அதே ஊரின் யூனியன் பெர்லின் இதற்கு நேர் எதிர்: ஏறக்குறைய 22,000 பேர் கொள்ளும் மைதானத்தில் நாற்காலி 3,600 பேருக்குத்தான், மற்றவர்கள் எல்லாரும் நிற்பவர்கள். அருமையான இடம், ஆனால் உறுப்பினர் யாரையாவது தெரிந்திருந்தால்தான் டிக்கெட்.

வாங்கும் முறை இது. கிளப்பின் சொந்தத் தளத்தில் கணக்குத் தொடங்குங்கள், பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரிலேயே. விற்பனை திறக்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று கிடைக்கவில்லை என்றால், அதே தளத்தில் வரமுடியாத சீசன் டிக்கெட்காரர்கள் தங்கள் இடத்தை மறுவிற்பனைக்கு விடும் பக்கம் இருக்கும். மேட்சுக்கு முந்தைய இரண்டு மூன்று நாளில்தான் அதில் இடங்கள் நிறைய வரும். வெளித் தளங்களில் நாலு மடங்கு விலைக்கு விற்கப்படும் டிக்கெட்டைத் தொடாதீர்கள். கிளப் அதைக் கண்டுபிடித்து முடக்கினால் வாசலில் மெஷின் சிவப்பு காட்டும். அந்த நேரத்தில் விற்றவரைத் தேடிப் பிடிக்க முடியாது.

எந்த ஸ்டாண்ட்

மைதானப் படத்தைத் திறந்து நாலு விஷயங்களைக் கண்டுபிடியுங்கள்: சொந்த ரசிகர்கள் நிற்கும் கோல் போஸ்ட் பின்புறம், எதிரணி ரசிகர்களின் மூலை, நீளவாட்டுப் பக்கங்கள், குடும்பப் பகுதி.

கோல் போஸ்டுக்குப் பின்னால் நிற்கும் இடம்தான் எல்லாரும் வீடியோவில் பார்த்து ஆசைப்படுவது. டார்ட்மண்டின் தெற்கு ஸ்டாண்டில் மட்டும் 24,454 பேர் நிற்கிறார்கள். ஆனால் அங்கே ஆட்டம் முழுசாகத் தெரியாது. முன்னால் பெரிய கொடிகள் ஆடிக்கொண்டிருக்கும், தூரத்துப் பக்கத்தில் விழும் கோல் பக்கத்து ஆளின் கூச்சலில்தான் தெரியவரும். நடுக் கீழ்ப்பகுதி அல்ட்ராஸ் எனப்படும் தீவிர ரசிகர் குழுக்களின் இடம். அவர்களில் ஒருவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி மெகாபோனோடு நின்று 90 நிமிடமும் பாட்டை நடத்துவார். டிக்கெட்டில் அந்தப் பிளாக் எண் இருந்தாலும் புதியவர் அங்கே போய் நிற்கக் கூடாது. அது எழுதாத சட்டம். ஓரத்திலோ மேல் வரிசையிலோ நில்லுங்கள். அவர்களை நெருக்கத்தில் படம் எடுக்காதீர்கள். முகம் பதிவாவதை அவர்கள் விரும்புவதில்லை, போனைத் தட்டிவிட்டாலும் கேட்க ஆளில்லை. அவர்கள் துணியில் எழுதித் தொங்கவிட்டிருக்கும் பதாகையை மிதிப்பதோ தொடுவதோ கூடவே கூடாது. எதிர்க் கூட்டத்தின் பதாகையைப் பறிப்பதுதான் அங்கே பெரிய வெற்றி, ஆகவே தெரியாத ஆள் கை வைத்தாலே சந்தேகம் வரும்.

நிற்கும் பகுதியில் இடத்துக்கு எண் கிடையாது. படிகளில் இடுப்பளவு உயரத்தில் இரும்புக் கம்பித் தடுப்புகள் இருக்கும். புதியவர்கள் பிடித்துக்கொள்ளலாம் என்று கம்பி முன்னால் வருமாறு நிற்பார்கள். அது தப்பு. கோல் விழுந்ததும் மேலே இருக்கும் கூட்டம் கீழே சரியும். அத்தனை எடையும் உங்களை அந்தக் கம்பியில் வைத்து அழுத்தும், விலா எலும்பு நோகும். கம்பி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு நில்லுங்கள். மேலிருந்து வருகிறவர்களைக் கம்பி தாங்கிக்கொள்ளும்.

கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால் பழைய இடம் இருக்காது, இருவராகப் போனால் ஒருவர் நின்று காக்க வேண்டும். ஐந்தடி உயரத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கும், மூட்டுவலி உள்ளவர்களுக்கும், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் இந்தப் பகுதி வேண்டாம்.

அப்பா, அம்மாவோடு போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை: நீளவாட்டுப் பக்கத்தில், சொந்த ரசிகர் ஸ்டாண்டை ஒட்டிய மூலை, மேல் அடுக்கு. ஆட்டமும் தெரியும், கூட்டமும் தெரியும், சத்தம் நேராக வரும். விலை 35 முதல் 60 யூரோ வாக்கில். எதிரணி மூலைக்குப் பக்கத்துப் பிளாக்கைத் தவிர்த்துவிடுங்கள். மலிவாகக் கிடைக்கும், ஆனால் பியர் கோப்பை பறந்து வருவது அந்த எல்லையில்தான்.

உடுப்பும் பையும்

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிஎஸ்கே ஜெர்சி மஞ்சள். டார்ட்மண்டில் அதைப் போட்டால் சிரித்து வரவேற்பார்கள். அரை மணி ரயில் தூரத்தில் இருக்கும் ஷால்கே கிளப்பின் மைதானத்தில் அதே மஞ்சள்தான் பகைவன் நிறம். இந்திய கிரிக்கெட் நீலம் டார்ட்மண்டில் ஷால்கேயை நினைவுபடுத்தும். எதற்கு வம்பு? கறுப்பு, சாம்பல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, வாசலில் சொந்த அணியின் கழுத்துத்துண்டு ஒன்று வாங்குங்கள். இரண்டு அணிப் பெயரும் பாதிப் பாதி போட்ட துண்டைச் சுற்றுலாப் பயணிகளுக்காக விற்பார்கள். அதைக் கட்டினால் இரண்டு பக்கமும் முகம் சுளிக்கும்.

குளிரில் பெரும்பாலோர் ஏமாறுவது மேலுடம்பில் இல்லை, காலில். ஏற்காட்டு மார்கழிக்கு வாங்கிய ஸ்வெட்டரை உள்ளே போட்டு மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் போட்டால் மேலே சமாளித்துவிடலாம். ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை, சுழியத்துக்குப் பக்கத்து வெப்பநிலையில், சிமெண்ட் படியில் நாலு மணி நேரம் அசையாமல் நிற்பதில் பாதம் வழியே சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். தடித்த அடிப்பாகமுள்ள ஷூ, கம்பளி சாக்ஸ். இரண்டு சாக்ஸ் போடுவதாக இருந்தால் ஷூ ஒரு அளவு பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சில்லிடும்.

பை ஏ4 தாள் அளவைத் தாண்டினால் உள்ளே விடமாட்டார்கள். முதுகுப்பையை அறையிலேயே விட்டுவிடுங்கள். குடை, தண்ணீர் பாட்டில், வாசனை ஸ்ப்ரே, பெரிய லென்ஸ் கேமரா எல்லாம் வாசலில் நிற்கும். மழைக்குத் தலைமூடி வைத்த கோட்டுதான். பாஸ்போர்ட் அல்லது அதன் நகல், கார்டு, போன், மாத்திரை, அவ்வளவுதான். டிக்கெட் போனில் இருந்தால் அறையிலேயே அதைத் திறந்து, இணையம் இல்லாமலும் காட்டுமாறு சேமித்துவையுங்கள். எண்பதாயிரம் போன்கள் ஒரே கோபுரத்தை இழுக்கும் இடத்தில் நெட் வராது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், போன் உள்பாக்கெட்டில் இருக்கட்டும்.

மேட்ச் நாள்

டிக்கெட்டைப் படித்துப் பாருங்கள். பல கிளப்புகளில் அன்றைய உள்ளூர் ரயில், டிராம் பயணம் அதிலேயே சேர்ந்திருக்கும். அதிவேக ரயிலுக்குச் செல்லாது. டார்ட்மண்ட் ரயில் நிலையத்திலிருந்து யு45 நகர ரயிலைப் பிடித்தால் மைதானத்துக்கு அருகே இறக்கிவிடும்.

நிற்கும் டிக்கெட் என்றால் கதவு திறக்கும்போதே, அதாவது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். நாற்காலி என்றால் ஒரு மணி நேரம் போதும். ஆண்கள், பெண்களுக்குத் தனித்தனி வரிசையில் உடம்பைத் தடவிச் சோதிப்பார்கள். உள்ளே போனதும் முதல் வேலை, பிரிந்துவிட்டால் எந்தத் தூண் எண்ணடியில் சந்திப்பது என்று பேசிவைப்பது. போன் வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம்.

சாப்பாட்டில் சாசேஜ்தான் ராஜா, பெரும்பாலும் பன்றி இறைச்சி. சைவர்களுக்கு உப்புத் தூவிய பிரெட்ஸெல் ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும் கிடைக்கும். குடிக்க எது வாங்கினாலும் கோப்பைக்கு ஒன்றிரண்டு யூரோ முன்பணம் சேர்த்து வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும். கழிப்பறைக்கு இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்பே கிளம்புங்கள். அந்த 15 நிமிட இடைவேளை வரிசையில் நிற்கவே சரியாகப் போய்விடும்.

இருக்கையில் வண்ணத்தாள் வைத்திருந்தால் அதை நினைவுப் பொருளாக மடித்துவைக்காதீர்கள். அணிகள் வரும்போது எல்லாரும் தூக்கிப் பிடித்து ஸ்டாண்டையே ஒரு படமாக்குவார்கள். சொன்னதும் தூக்குங்கள், சொல்லும்வரை இறக்காதீர்கள். நடுவில் ஒருவர் செல்ஃபிக்காக இறக்கினால் படத்தில் ஓட்டை விழும், பின்னால் இருப்பவர் கத்துவார்.

சேர்ந்து கத்த மொழி வேண்டாம். வீரர் பட்டியலை வாசிக்கும்போது அறிவிப்பாளர் முதல் பெயரை மட்டும் சொல்வார், குடும்பப் பெயரைக் கூட்டம் சொல்லும். பெரிய திரையில் எழுத்து ஓடும், பார்த்துச் சொல்லலாம். கோல் விழுந்தாலும் அப்படியே. பிறகு ஸ்கோர்: சொந்த அணியின் எண்ணைக் கூட்டம் கத்தும், எதிரணி எத்தனை அடித்திருந்தாலும் பல மைதானங்களில் "நுல்", அதாவது சுழியம் என்றுதான் கத்துவார்கள். அறிவிப்பாளர் "டாங்கே" என்றால் பதில் "பிட்டே". இந்த மூன்று வார்த்தை போதும்.

எதிரணி கோல் அடித்தால் கை மடியில் இருக்கட்டும், நல்ல கோலாக இருந்தாலும். யாராவது தீப்பந்தம் கொளுத்தினால் புகை வரும். காற்று வீசும் பக்கத்துக்கு எதிராக நகர்ந்து துணியால் மூக்கை மூடுங்கள். கீழே விழுந்ததை மிதித்து அணைக்கப் போகாதீர்கள், அதன் வெப்பத்தில் ஷூ உருகும். மைதானத்துக்குள் இறங்கும் எண்ணமே வேண்டாம். விசாவில் வந்திருப்பவருக்கு அது வழக்கு, அடுத்த விசாவுக்கும் தலைவலி.

முடிந்ததும் ஓடாதீர்கள். அணி ரசிகர்களிடம் வந்து நின்று கை தட்டும், அதைப் பார்க்க வேண்டும். பிறகு முக்கால் மணி நேரம் உள்ளேயோ வெளியே கடையருகிலோ இருந்துவிட்டுக் கிளம்பினால் ரயிலில் மூச்சுவிட இடம் கிடைக்கும். போலீஸ் வரிசை கட்டி ஒரு தெருவை அடைத்திருந்தால் அது எதிரணிக் கூட்டத்தின் வழி, சுற்றிப் போங்கள்.

ஜெர்மனி இல்லை என்றால்

இங்கிலாந்தில் பெரிய கிளப் டிக்கெட்டுக்கு முதலில் உறுப்பினராக வேண்டும். அனுமதியில்லாமல் டிக்கெட் மறுவிற்பனை செய்வது 1994 சட்டப்படி குற்றம். ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்த 1985 முதல் தடை, களத்துக்குள் இறங்குவது 1991 முதல் தனிக் குற்றம். சொந்த ரசிகர் பகுதியில் எதிரணிக்குக் கை தட்டினால் காவலர் வந்து வெளியே அழைத்துப் போவார். இத்தாலியில் டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டோடு சரிபார்ப்பார்கள். நகலை நம்பிப் போகாதீர்கள். துருக்கியில் 2014 முதல் பாஸ்ஸோலிக் என்ற அட்டை நடைமுறை; பாஸ்போர்ட் எண்ணோடு முன்கூட்டியே அதை எடுத்தால்தான் டிக்கெட்டை அதில் ஏற்ற முடியும், மேட்ச் நாள் காலையில் ஆரம்பித்தால் நடக்காது. அர்ஜென்டினாவில் 2013 முதல் லீக் ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் எதிரணி ரசிகர்களுக்கே அனுமதி இல்லை, அதனால் முழு மைதானமும் ஒரே நிறம். அங்குள்ள போகா ஜூனியர்ஸ் கிளப்பின் டிக்கெட் பொது விற்பனைக்கு வருவதே அபூர்வம், உறுப்பினர்களுக்கே போதாது. அங்கே முதல் தடவை போகிறவர், கூட்டிப்போய்க் கூட்டிவரும் ஏற்பாட்டாளர் மூலமாக, கோல் போஸ்ட் பின்புறத்தை விட்டு நீளவாட்டுப் பக்கத்து நாற்காலியைக் கேட்டு வாங்குவதே சரி. இரவு ஆட்டம் என்றால் திரும்பும் வண்டியும் அந்த ஏற்பாட்டிலேயே சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.